சின்ன மியூசியத்தில் ஒரு நாள்: லேபிளின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு போவது எப்படி

முதலில் நாள் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கிளம்பிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை, பல ஊர்களில் இரண்டாவது சனிக்கிழமையும் பூட்டு, தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டு. குடியரசு தினத்துக்கு லீவு கிடைத்ததே என்று குடும்பத்தோடு வந்து, சாத்திய கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற இடங்களுக்கு வேறு கணக்கு: முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் சென்னை ஐ.சி.எஃப். ரயில் மியூசியத்துக்கும் திங்கள். கூகுள் மேப் 'திறந்திருக்கிறது' என்று சொல்வதை நம்பி நூறு கிலோமீட்டர் போகாதீர்கள். முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பராமரிப்பு வேலைக்காக ஏதாவது அரங்கை மூடியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அரசு மியூசியங்கள் பொதுவாகக் காலை 9.30க்குத் திறந்து மாலை 5க்கு மூடும். டிக்கெட் மாவட்ட மியூசியங்களில் ஒரு டீ விலையைத் தாண்டாது, அதனால் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கவுன்டரில் இருப்பவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு, போனுக்கும் உண்டா என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சரி, ஏன் சின்ன மியூசியம்? எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கியது, பல கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலை. நல்ல இடம்தான், ஆனால் மூன்றாவது கட்டடத்துக்குள் போகும்போதே கால் கெஞ்ச ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பார்த்தது போலவே இருக்காது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் மியூசியத்தை நிதானமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. ஒரு நாள் பயணத்துக்கு இது போதாதே என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பெரிய மியூசியத்தில் இருக்கும் பொருட்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. உள்ளூர் மியூசியத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்த மாவட்டத்திலேயே கிடைத்தவை. லேபிளைப் பாருங்கள், மூன்று வரி இருக்கும்: என்ன பொருள், எந்த நூற்றாண்டு, எந்த ஊர். எல்லாரும் முதல் வரியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கடைசி வரியைப் படியுங்கள். அந்த ஊர் இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும், டவுன் பஸ் போகும். காலையில் பொருள், மத்தியானத்துக்கு மேல் அது கிடைத்த மண். இப்படிப் போட்டுக்கொண்டால் ஒரு நாள் கச்சிதமாக நிறையும்.

புதுக்கோட்டையை வைத்துச் சொல்கிறேன்

இந்த முறைக்குப் புதுக்கோட்டையை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம், காரைக்குடி போகும் ரயிலிலும் வரலாம். மியூசியம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் அல்லது ஆட்டோ. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1910இல் தொடங்கியது இது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது மியூசியமும் அரசாங்கத்திடம் வந்தது. சமஸ்தானத்து மியூசியம் என்பதால் கொஞ்சம் கலவையாகத்தான் இருக்கும்: பாடம் செய்த விலங்குகள், பாறைகள், ஆயுதங்கள், இசைக்கருவிகள், செப்புத் திருமேனிகள், ஓவியங்கள், வெளியே வரிசையாகக் கல் சிற்பங்கள். இந்தக் கலவைதான் எனக்குப் பிடித்தது, ஆனால் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது.

முதல் சுற்றில் எங்கேயும் நிற்காமல், லேபிள் படிக்காமல், பதினைந்து நிமிடத்தில் முழுவதும் நடந்துவிடுங்கள். எது உங்களை இழுக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் திரும்பி வந்து நான்கைந்து பொருட்களிடம் மட்டும் நில்லுங்கள். என்னைக் கேட்டால் இங்கே மூன்றைச் சொல்வேன்.

ஒன்று, அம்மன் காசு. நாணயங்கள் இருக்கும் பக்கம் தேடிப் பாருங்கள். சுண்டு விரல் நகத்தளவு செப்புக் காசு, ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று அடித்துக்கொண்ட நாணயம் இது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இதைத் தானமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் காசில் இருக்கும் அம்மன் பிரகதாம்பாள், தொண்டைமான்களின் குலதெய்வம். அவள் இருக்கும் கோகர்ணேசுவரர் கோயில் மியூசியத்திலிருந்து நடக்கும் தூரம்தான், மூலவர் இருப்பது பாறையைக் குடைந்த குடைவரையில். கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் கோயிலை முதலில் முடித்துக்கொண்டு, 9.30க்கு மியூசியம் திறக்கும்போது நேரே வந்துவிடுவது உத்தமம். அம்மனைப் பார்த்துவிட்டு வந்து காசில் அவளைத் தேடும்போது குழந்தைகளுக்கு வருகிற உற்சாகமே வேறு.

நாணயம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1898இல் இந்த வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் ரோமப் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. யாரோ வேண்டுமென்றே ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள், அந்த நாணயம் மறுபடி பணமாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கமாகத்தான் போக வேண்டும் என்பதற்காக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உள்ளூர் மியூசியத்தில் நின்றுகொண்டு, இங்கே இருக்க வேண்டியது எது இல்லை என்று யோசிப்பதும் ஒரு வகைப் பார்வைதான்.

இரண்டாவது, சமணச் சிற்பங்கள். புதுக்கோட்டை வட்டாரம் முழுக்கச் சமணத் தடயங்கள். சமணர்கள் குருவாக வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிலைகளைப் புத்தர் என்று சொல்லிவிடுவது நம் ஊர்களில் சகஜம், எத்தனையோ கிராமங்களில் புத்தர் என்று கும்பிடுவது தீர்த்தங்கரராக இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. தலைக்கு மேலே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால், உடம்பில் துணியின் மடிப்பு எதுவும் இல்லாவிட்டால், தீர்த்தங்கரர். மேலாடையின் விளிம்பு தோளிலோ மார்பிலோ கோடாகத் தெரிந்தால், உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று இருந்தால், புத்தர். இதை மியூசியத்தில் பழகிவிட்டால் அடுத்த முறை ஏதாவது கண்மாய்க்கரையில் ஒரு சிலையைப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, முதுமக்கள் தாழி. ஆள் உயரப் பானை என்று மட்டும் பார்க்காமல் சுற்றி வந்து பாருங்கள், வாயின் அகலம், அடியின் கூர்மை, சுவரின் தடிமன். சக்கரத்தில் வனைய முடியாத அளவு பெரிய பானையைக் கையால் கட்டி ஏற்றி, உடையாமல் சுட்டு எடுத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைப்பதற்கு.

அப்புறம் சாப்பாடு. புதுக்கோட்டையில் மத்தியானம் சாதாரண சாப்பாடு எங்கேயும் கிடைக்கும். முட்டை மாஸ் இந்த ஊர் அயிட்டம், பரோட்டா கடைகளில் கிடைப்பது, அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இப்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் அடுத்து ஏற வேண்டிய பாறை ஏற முடியாது.

ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் சித்தன்னவாசல். சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் பக்கம். பஸ் உண்டு, ஆனால் திரும்பி வரக் காத்திருக்க வேண்டியிருக்கும், நான்கு பேர் இருந்தால் போக வரப் பேசி ஆட்டோ எடுப்பது மேல். வழியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். மலைக்கு வரும் சமவெளியில் வட்டமாகக் கற்கள் நட்டிருப்பது தெரியும், அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். காலையில் பார்த்த தாழியை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. வண்டியை நிறுத்தி இறங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

மலையில் இரண்டு இடங்கள். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை, அதில்தான் புகழ்பெற்ற ஓவியங்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்த செய்தி அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் 'அழிந்துபோச்சே' என்று சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அப்புறம் விதானத்தைப் பாருங்கள்: தாமரைக் குளம், இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடும் பெண்கள். கருவறையில் நின்று மூக்கால் மெல்ல ரீங்காரம் செய்தால் அறை முழுக்க அதிரும், காவலர் யாராவது இருந்தால் அவரே செய்து காட்டுவார். மலை மேலே ஏழடிப்பட்டம், இயற்கைக் குகைத்தளத்தில் துறவிகளுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள், ஒன்றின் அருகில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி. காலையில் மியூசியத்தில் பார்த்த தீர்த்தங்கரரை வணங்கியவர்கள் படுத்திருந்த இடம். வெயில் தணிந்து மூன்றரைக்கு மேல் ஏறுங்கள், ஆனால் மாலையில் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டாயம். தொப்பியோ துண்டோ கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் அறிவர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம், அது சிரமமில்லை.

இதோடு திருமயம் கோட்டையையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரத்தையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி யாராவது பிளான் அனுப்பினால் பணிவாக மறுத்துவிடுங்கள். அவை ஒவ்வொன்றும் வேறொரு நாள்.

எப்படிப் பார்ப்பது

மியூசியத்தில் போரடிக்கிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் எதைத் தேடுவது என்று தெரியாததுதான் பிரச்சினை. சில பொருட்கள் எல்லா மாவட்ட மியூசியங்களிலும் இருக்கும், அவற்றுக்கு மட்டும் கண்ணைப் பழக்கினால் போதும்.

செப்புத் திருமேனியா, முன்னால் பார்த்தது போதும், பக்கவாட்டில் போய்ப் பின்பக்கம் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், கூந்தல் இழை தோளில் விழும் விதம், எல்லாம் அங்கேதான். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். உற்சவத்தின்போது கழி நுழைத்துத் தூக்கிக்கொண்டு போவதற்காக. முகம் மழுங்கியிருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து துடைத்த தேய்மானமாக இருக்கும். முகம் கூர்மையாகவும் மேலே பச்சை படிந்தும் இருந்தால் நெடுநாள் மண்ணுக்குள் கிடந்திருக்கும். சிவன் சிலையில் இரண்டு காதையும் பாருங்கள், ஒன்றில் குழை, ஒன்றில் தோடு. குழந்தைகளிடம் இதைச் சொல்லிவிட்டால் அரங்கிலுள்ள எல்லாச் சிவன் காதையும் அவர்களே பரிசோதித்துவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு இணை இல்லை. அங்கே திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். 1011ஆம் ஆண்டுக் கல்வெட்டு இந்தத் திருமேனியைக் குறிப்பிடுகிறது, ராஜராஜன் காலம். சடை தலைப்பாகை போலச் சுற்றியிருக்கும், அதில் பாம்பு. வலது முழங்கையை மடக்கி எதன் மீதோ சாய்ந்து நிற்பார், ஆனால் சாய்ந்திருப்பது வெறும் காற்றில். காளை காணாமல் போய்விட்டது. காளை இருந்திருந்தால் கை எந்த உயரத்தில் படும் என்று நீங்களே கற்பனை செய்து பாருங்கள், பத்து நிமிடம் போவது தெரியாது. இங்கிருந்து லேபிளின் கடைசி வரியைப் பிடித்துத் திருவெண்காடு வரை போவது அரை நாளில் முடியாது, தூரம். அதற்குப் பதிலாகச் சுவாமிமலை போங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், இன்றும் ஸ்தபதிகள் அதே மெழுகு வார்ப்பு முறையில் சிலை செய்யும் ஊர். மெழுகில் உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஓர் அச்சில் ஒரே ஒரு சிலைதான். பட்டறைகளில் கேட்டால் பார்க்க விடுவார்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேலை நடக்கும்போது குறுக்கே நிற்காமல் இருந்தால் சரி.

தஞ்சையிலேயே சரஸ்வதி மகால் நூலகத்தோடு சேர்ந்து ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது, ஒரே அறைக்குள் முடிந்துவிடும், ஆனால் விசித்திரமான அறை. மனித முகங்களை மிருக முகங்களோடு ஒப்பிடும் ஐரோப்பியப் படங்கள் அங்கே உண்டு, தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆர்வம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. அரண்மனை வளாகத்தில் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. நடராஜரை விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சொல்லப்போவது இதைத்தான், வருத்தப்படாதீர்கள்.

நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கல் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். ஒரே மாதிரி வீரர்கள் வரிசையாக நிற்பதாகத் தோன்றும். கையில் என்ன ஆயுதம், உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மாடு இருந்தால் ஆநிரை கவர்ந்த சண்டையிலோ மீட்ட சண்டையிலோ செத்தவன். சில கற்களில் மேல் அடுக்கில் தேவமகளிர் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது, அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். மன்னர்கள் பெயரே மறந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது.

கல்வெட்டுப் பலகை எதிரே வந்தால் பயந்து நகர வேண்டாம். சோழர் காலத் தமிழில் ப, ம, ட, ர போன்ற எழுத்துகளை இன்றும் அடையாளம் கண்டுவிடலாம், புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும், அது சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும், அதைத் தாண்டி இரண்டாவது வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வளைவான தூணில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும், எனவே வெளியே வைத்திருக்கும் கற்களைக் காலையிலோ மாலையிலோ பார்ப்பது நல்லது.

பாடம் செய்த விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் முன்பு மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், அதன் முழுப் பழியும் இந்தக் கண்ணாடி அலமாரிகளுக்குத்தான். தூசி படிந்த மலைப்பாம்பைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. ஆனால் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே விலங்குகளை விட மரத்துண்டுகளைப் பாருங்கள். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று பெயர் மட்டும் தெரிந்த மரங்களின் குறுக்குவெட்டும் நிறமும் கண்முன்னே இருக்கும். அடுத்த முறை தாத்தா வீட்டுக் கதவைத் தொடும்போது என்ன மரம் என்று தோன்றும்.

ஆட்களிடம் பேசுங்கள்

சின்ன மியூசியத்தின் பெரிய வசதி இதுதான். எழும்பூரில் காப்பாட்சியரை, அதாவது மியூசியப் பொறுப்பாளரை, பார்க்க யாருக்கும் தோன்றாது. மாவட்டத்தில் அவர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருப்பார். 'சார், இந்தச் சிலை எந்த வருஷம் கிடைச்சது, யார் கொண்டுவந்து கொடுத்தாங்க' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வானம் தோண்டும்போது கிடைத்தது, ஏரியில் தூர்வாரும்போது கிடைத்தது என்று லேபிளில் இல்லாத கதை வரும். காவலுக்கு இருக்கும் அண்ணன்கள், அக்காக்களும் அப்படித்தான், விளக்கு போடாத அரங்காக இருந்தால் 'கொஞ்சம் லைட் போடுங்கண்ணே' என்றால் போதும், போட்டுவிட்டுக் கூடவே வந்து விளக்கமும் சொல்வார்கள். பல மியூசியங்களில் மாதம் ஒரு சிறப்புப் பொருளைத் தனியாக வைப்பார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம், அப்போது கண்காட்சி, பேச்சு என்று ஏதாவது நடக்கும். டிசம்பர், ஜனவரியில் வார நாட்களில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும், நிம்மதியாகப் பார்க்க வேண்டுமானால் அதைத் தவிருங்கள். சித்திரை வெயிலில் பல அரங்குகளில் மின்விசிறி மட்டும்தான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் அரங்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பல இடங்களில் ஆட்சேபிப்பார்கள், அதுவும் நியாயம்தான். பெரிய பிள்ளைகள் என்றால் மதுரைக்குப் பக்கத்தில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்' போன்ற பெயர்களை அவர்களே படிக்க முயலலாம், தாயக்கட்டையும் எடைக்கற்களும் இருக்கின்றன, பக்கத்திலேயே அகழாய்வுக் குழிகளும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 2023இல் அமைத்த தள அருங்காட்சியகத்தில் தாழிகளைக் கிடைத்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதில் நடக்கச் சில குழந்தைகள் பயப்படும், சில இறங்கவே மாட்டேன் என்னும்.

ஓவியக் கூடங்கள்

இதற்குத் தயங்குகிறவர்கள் அதிகம். வெள்ளைச் சுவர், ஏசி, ஒரு சத்தமும் இல்லை, வாங்க வந்தவர்களுக்கு மட்டும்தானோ என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. பெரும்பாலான கேலரிகளில் நுழைவு இலவசம், கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டு வெளியே வரலாம். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். விலைப் பட்டியல் மேசையில் இருக்கும், எடுத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

சென்னையில் ஆரம்பிக்க நல்ல இடம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி. ஓவியர்களே தங்கள் கண்காட்சியில் உட்கார்ந்திருப்பார்கள். 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால் பாதிப் பேர் சங்கடப்படுவார்கள். 'இந்த இடத்துல பெயின்ட் எப்படி இப்படி மேடு தட்டி வந்தது', 'முதல்ல எந்தக் கலர் போட்டீங்க' என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஒரு நாள் பயணமாக வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சேர்ந்து நிலம் வாங்கி அமைத்தது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில் மெழுகு தடவிச் சாயம் போடும் பாத்திக் துணி செய்து விற்று அந்தக் காசில் ஊரை நடத்தியிருக்கிறார்கள். அங்கே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்றே நிரந்தர கேலரி இருக்கிறது, வெளியே மரத்தடியில் சிற்பங்கள். பணிக்கரின் படங்களில் எழுத்து மாதிரி இருப்பதைப் படிக்க முயலாதீர்கள், அவை படிப்பதற்கானவை இல்லை, ஜாதகக் கட்டம் மாதிரியான அமைப்பைப் பாருங்கள். காலையில் இது, அப்புறம் அதே சாலையில் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கும் இடம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால் நீட்டலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

இன்னும் சில ஜோடிகள்

மதுரையில் ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் காந்தி மியூசியம், 1959இல் திறந்தது. அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அதே வளாகத்தில் அரசு மியூசியமும் உண்டு. பார்த்துவிட்டு மேலமாசி வீதிக்குப் போங்கள், 1921 செப்டம்பரில் காந்தி மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறியது அங்கே தங்கியிருந்தபோதுதான்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் தொடங்கிய கோட்டைக்குள்ளேயே மியூசியம். கோட்டையை விடத் தெருதான் அழகு, நுழைவாயிலிலிருந்து கடல் வரை நடந்தால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய தேவாலயம், பழைய வீடுகள், ஓரத்தில் அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில். சீகன்பால்கின் அச்சகத்தில் தமிழ் புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில், ரோமானிய வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகளையும் ரோமானிய ஜாடித் துண்டுகளையும் பாருங்கள். அரிக்கமேட்டுக்கும் போகலாம், ஆனால் அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை, மரங்களும் ஆறும் இடிந்த சுவரும்தான். எனக்கு அது போதும், கூட வருகிறவர்களுக்குப் போதுமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் வாசலில் பார்வையாளர் பதிவேடு இருக்கும். 'மிக அருமை' என்று எழுதிவிட்டு வராதீர்கள், ஏற்கெனவே பக்கம் பக்கமாக அதுதான் இருக்கும். எந்த அரங்கில் விளக்கு எரியவில்லை, எந்த லேபிள் மங்கிவிட்டது, குடிதண்ணீர் இருந்ததா, கழிப்பறை எப்படி இருந்தது என்று எழுதி, தேதியும் ஊரும் போடுங்கள். நிதி கேட்டு மேலே எழுதும்போது காப்பாட்சியருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட முடியும்.